இந்தியா மார்க் 2 அடிபம்பு: வடிவமைப்பு, பழுது, பயன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் வடிவமைப்பை விளக்க எதற்கு அடிபம்பு?

பாடப்புத்தகத்தில் வடிவமைப்புச் செயல்முறை ஒரு வட்டப் படமாக இருக்கும். சிக்கலைக் கண்டுபிடி, தேவையை எழுது, மாற்று வழிகளை யோசி, மாதிரி செய், சோதித்துப் பார், திருத்து. ஒப்பித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவு எடுத்தார்கள், அது தப்பானால் யார் தலையில் விடிந்தது என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது.

ஊர் முனையிலும் பள்ளிக்கூட வாசலிலும் துத்தநாகப் பூச்சு மங்கிச் சாம்பல் நிறத்தில் நிற்கும் அடிபம்பில் அது தெரிகிறது. இந்தியா மார்க் 2 என்பது அதன் பெயர். மின்சாரம் இல்லை, சிப் இல்லை, மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வடிவமைப்பின் எல்லாக் கட்டங்களும் பொதுவெளியில் நடந்தவை. அதில் பெரிய பங்கு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடந்தது.

இதற்கு முன்னால் என்ன பம்பு இருந்தது? அது ஏன் நிற்கவில்லை?

1960களின் நடுவில் வடஇந்தியாவில் கடும் வறட்சி. பாறை நிலத்தில் கையால் கிணறு வெட்ட மாதக்கணக்கில் ஆகும். 1967இல் தொடங்கி யுனிசெப் உதவியோடு காற்றழுத்தத்தில் இயங்கும் ரிக் வண்டிகள் வந்தன. கருங்கல்லில்கூட ஓரிரு நாளில் போர் இறங்கியது. துளை போடும் சிக்கல் தீர்ந்தது. துளையிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர, சந்தையில் கிடைத்த வார்ப்பிரும்புக் கை பம்பை மாட்டினார்கள்.

அந்தப் பம்பு ஐரோப்பா, அமெரிக்காவின் பண்ணை வீட்டுப் பம்பைப் பார்த்துச் செய்தது. ஒரு குடும்பத்துக்கானது. இங்கே அதை ஊருக்கே வைத்தார்கள். கணக்குப் போட்டால் விபரீதம் புரியும். கிராமக் குடிநீருக்கு நம் நாட்டில் நெடுங்காலம் இருந்த அளவுகோல், 250 பேருக்கு ஒரு பம்பு, தலைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர். அதாவது ஒரு பம்பிலிருந்து 10,000 லிட்டர். ஒரு அடிக்கு 0.375 லிட்டர் வருகிறது என்று வைத்தால் நாளைக்கு ஏறத்தாழ 26,700 அடி. ஆறு பேர் உள்ள வீட்டில் 240 லிட்டர், 640 அடி. நாற்பது மடங்குக்கு மேல் சுமை!

கைப்பிடி கோத்திருந்த போல்ட்டும் துளையும் தேய்ந்து நீள்வட்டமாகும், கைப்பிடி பக்கவாட்டில் ஆடும், வார்ப்பிரும்பு பட்டென்று உடையும். உதிரிக்கு வேறு கம்பெனிப் பம்பின் பாகம் பொருந்தாது. 1974இல் கணக்கெடுத்தபோது பொருத்தியவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி ஓடவில்லை. மக்கள் பழையபடி குளத்துக்கும் ஓடைக்கும் போனார்கள்.

பழியைப் பயன்படுத்துகிறவர்கள் மேல் போடுவது அன்றைக்கும் எளிதாக இருந்தது: "பொதுச் சொத்து, முரட்டுத்தனமாக அடிக்கிறார்கள்." ஒரு நாளைக்கு 26,000 அடி வாங்கும் பொருளுக்கு 640 அடிக்கான பாகத்தை மாட்டியவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

தேவைகளை எப்படி வரையறுத்தார்கள்?

"நல்ல பம்பு வேண்டும்" என்பது ஆசை. அளந்து பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடிந்தால்தான் தேவை. 1975 வாக்கில் மத்திய அரசு, யுனிசெப், உலக சுகாதார நிறுவனம், சென்னையில் இருந்த மெராடோ என்ற இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், சென்னையில் ஆலை வைத்திருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் ஆகியவை சேர்ந்து வேலையில் இறங்கின. எதிர்பார்ப்புகளைச் சுருக்கினால் இப்படி வரும்: ஊரே நாள் முழுக்க அடித்தாலும் ஒரு வருடமாவது பழுதில்லாமல் ஓட வேண்டும், பெண்களும் பிள்ளைகளும் அடிக்க முடிய வேண்டும், ஆழமான நீரையும் எடுக்க வேண்டும், சாதாரண லேத்தும் வெல்டிங்கும் உள்ள பட்டறை செய்ய முடிய வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும்.

இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நீடித்து உழைக்கக் கனமான பாகம் வேண்டும், கனமானால் விலை ஏறும். ஆழம் கூடினால் சிறுபிள்ளையால் அடிக்க முடியாது. தேவைப் பட்டியல் எழுதும்போதே எது விட்டுக்கொடுக்கக் கூடாதது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே விட்டுக்கொடுக்காதது, அடிக்கடி பழுதாகக் கூடாது என்பது. அதற்காக வேறொன்றை விட்டார்கள். அது பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தது. கீழே மார்க் 3 பற்றிய பதிலில் பாருங்கள்.

புதிதாகக் கண்டுபிடித்தார்களா?

பெரும்பகுதி இல்லை. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பக்கத்துப் பணிமனைகளில், உடைந்த பம்புகளைச் சரிசெய்து அலுத்துப்போனவர்கள் ஏற்கெனவே இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து பம்புத் தலை செய்திருந்தார்கள். பல மூட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு சுழல் அச்சு. கைப்பிடிக்கும் ராடுக்கும் நடுவில் செயின். சோலாப்பூர் பம்புதான் மார்க் 2க்கு அடிப்படை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மாற்று வழிகளை யோசி" என்ற கட்டத்தில் வெள்ளைத்தாளோடு உட்காருவதுதான் வழக்கம். அதற்கு முன் ஊரில் ரிப்பேர் செய்கிறவரிடம் போனால் பாதி விடை கையில் இருக்கும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது? எப்படித் தண்ணீர் ஏறுகிறது?

மேலிருந்து வருவோம். பம்புத் தலைக்குள் கைப்பிடி. அது 32 மி.மீ. சதுர இரும்புக் கம்பி. அதன் முன்நுனியில் வட்டத்தின் கால்பகுதி போல வளைந்த ஒரு துண்டு. அதன்மேல் படிந்து செயின் தொங்குகிறது. கைப்பிடி சுழல்வது 20 மி.மீ. அச்சில், இரண்டு 6204 பால் பேரிங் மேல். மோட்டார் வைண்டிங் கடைக்காரரிடம் 6204 என்று சொல்லிப் பாருங்கள், அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். தேடி அலையாமல் கிடைக்கும் பாகத்தைத் தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்புதான்.

தலைக்குக் கீழே சிறு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து மூக்கு. அதற்கும் கீழே மூன்று கால் பீடம், கால்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். போரின் கேசிங் பைப் (துளையின் சுவர் சரியாமல் இருக்க இறக்கும் வெளிக்குழாய்) பீடத்துக்கு உள்ளே கொஞ்சம் உயர்ந்து நிற்கும். மேடையில் சிந்திய அழுக்குத் தண்ணீர் திரும்பப் போருக்குள் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

தொட்டியிலிருந்து 32 மி.மீ. ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 3 மீட்டர் 3 மீட்டராகச் சாக்கெட் போட்டு இறங்குகிறது. அதற்குள்ளே 12 மி.மீ. ராடு, அதுவும் 3 மீட்டர் துண்டுகள். அடியில் சிலிண்டர்: வார்ப்பிரும்பு உடம்பு, உள்ளே 63.5 மி.மீ. விட்டமுள்ள பித்தளை உறை. அதற்குள் வாஷர் மாட்டிய பிஸ்டன், பிஸ்டனில் ஒரு வால்வு, சிலிண்டர் அடியில் ஃபுட் வால்வு. கைப்பிடியை அழுத்தினால் பிஸ்டன் ஏறும், மேலேயுள்ள நீர் தூக்கப்படும், கீழே ஃபுட் வால்வு திறந்து புது நீர் வரும். கைப்பிடியை விட்டால் பிஸ்டன் இறங்கும், ஃபுட் வால்வு மூடும், பிஸ்டன் வால்வு திறந்து நீர் மேல்பக்கம் போகும்.

ஒரு அடியில் பிஸ்டன் நகரும் தூரம் 125 மி.மீ. 63.5 மி.மீ. விட்டத்துக்கு இது 396 மி.லி. கசிவு கழித்து, நிமிடத்துக்கு 40 அடி அடித்தால் 15 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்று நிரம்ப ஒரு நிமிடம்.

அடிக்க எவ்வளவு பலம் வேண்டும்?

கைப்பிடியின் நெம்புகோல் விகிதம் 8:1. நீர்மட்டம் 30 மீட்டரில் இருந்தால் பிஸ்டன் மேல் நிற்கும் நீரின் எடை சுமார் 95 கிலோ. 30 மீட்டர் ராடின் எடை 27 கிலோ, நீரில் மூழ்கியதால் 23. மொத்தம் 118. எட்டால் வகுத்தால் கையில் 15 கிலோ. நீர் 20 மீட்டரில் என்றால் 10 கிலோ, 45 மீட்டரில் 22 கிலோ. உராய்வு இதைக் கூட்டும், கைப்பிடியின் சொந்த எடை கொஞ்சம் குறைக்கும்.

அடிக்கடி குழப்பம் வரும் இடம் ஒன்று. கையில் விழும் நீரின் பாரத்தைத் தீர்மானிப்பது சிலிண்டர் தொங்கும் ஆழம் அன்று, போரில் நீர் நிற்கும் ஆழம். சிலிண்டர் 45 மீட்டரில் இருந்தாலும் மழைக்காலத்தில் நீர் 15 மீட்டருக்கு ஏறினால் பம்பு லேசாகிவிடும். கோடையில் அதே பம்பு கனப்பது ரிப்பேரால் அல்ல.

வேறு விதமாகவும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 15 லிட்டரை 30 மீட்டர் தூக்க சுமார் 75 வாட் வேண்டும். நல்ல உடம்புள்ள பெரியவர் தொடர்ந்து தரக்கூடிய திறனும் ஏறத்தாழ அவ்வளவுதான். எந்த நெம்புகோலைப் போட்டாலும் இந்த வரம்பு மாறாது. கைப்பிடியை நீட்டினால் இலேசாகும், ஆனால் தண்ணீர் மெதுவாக வரும். பத்து வயதுப் பிள்ளை கைப்பிடியில் தொங்கி அடிப்பது விளையாட்டுக்காக என்று நினைக்க வேண்டாம். 22 கிலோ அழுத்தம் தேவைப்படும் இடத்தில் 25 கிலோ உடம்பை முழுக்கத் தொங்கவிட்டால்தான் கைப்பிடி இறங்கும்.

ஏன் செயின்? நேராக ராடையே இணைத்தால் என்ன?

கைப்பிடி வட்டமாகச் சுழல்கிறது, ராடு நேராக ஏறி இறங்க வேண்டும். நேரடியாகக் கோத்தால் ஒவ்வொரு அடியிலும் ராடு பக்கவாட்டில் இழுபடும். வழிகாட்டிப் புஷ்ஷும் ராடும் தேயும். வளைந்த துண்டின் மேல் செயின் படிந்து தொங்கும்போது இழுப்பு எப்போதும் செங்குத்தாகவே இருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. செயினால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பிஸ்டன் இறங்குவது ராடுகளின் சொந்த எடையால் மட்டும். 30 மீட்டருக்கு 23 கிலோ பாரம் இருக்கிறது, தடையின்றி இறங்கும். 10 மீட்டர் போரில் எட்டுக் கிலோகூட இல்லை. வாஷரின் உராய்வை மீறி மெதுவாக இறங்கும். அவசரமாக அடித்தால் செயின் தளர்ந்து மடங்கி, அடுத்த அடியில் வெடுக்கென்று இழுபடும். அப்படி வெட்டி வெட்டி இழுத்தால் ராடு மரை முறியும். நீர் மேலாக இருக்கும் ஆற்றோரக் கிராமங்களில் மார்க் 2 அடிக்கடி பழுதாகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆழத்துக்குச் செய்த பம்பை ஆழமில்லாத இடத்தில் வைப்பதும் தவறுதான்.

மாதிரியை எங்கே சோதித்தார்கள்?

1976–77இல் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களில். ஆய்வுக்கூடத்தில் மோட்டார் வைத்து லட்சம் தடவை அடித்துப் பார்க்கலாம். ஆனால் மோட்டார் ஒரே சீராக, நேராக அடிக்கும். மனிதர்கள் பக்கவாட்டில் நின்று இழுப்பார்கள், இரண்டு பேர் சேர்ந்து அடிப்பார்கள், அவசரத்தில் குட்டை அடியாக அடிப்பார்கள். குட்டை அடியில் பேரிங் குண்டுகள் முழுச் சுற்று உருளாமல் ஒரே இடத்தில் ஆடிக் குழி பறிக்கும். சிலிண்டரின் நடுப்பகுதி மட்டும் தேயும். இதெல்லாம் தெருவில்தான் தெரியவரும்.

1977–78இல் சென்னையில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது.

தரநிலை வந்ததால் என்ன மாறியது?

1979இல் இந்தப் பம்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9301 வெளியானது. அளவுகள், பொருள்கள், சோதனை முறைகள் எல்லாம் அச்சில். காப்புரிமை கிடையாது, தரம் காட்டுகிற எந்தப் பட்டறையும் செய்யலாம். ஒரு கம்பெனிக் கைப்பிடி இன்னொரு கம்பெனித் தலையில் பொருந்தியது. உலகின் மிக அதிகமாகப் பொருத்தப்பட்ட கை பம்புகளில் ஒன்றாக இது ஆனதற்கு, எங்கள் பார்வையில், செயினையும் பேரிங்கையும் விட இந்த முடிவே காரணம். ஆப்பிரிக்காவிலும் பரவியது. உகாண்டாவில் அதற்கு யு2 என்று பெயர், மார்க் 3க்கு யு3.

மறுபக்கமும் உண்டு. யாரும் செய்யலாம் என்றால் மோசமாகவும் செய்யலாம். பேரிங் உட்காரும் கூட்டின் துளை சிறிது பெரிதானாலே பேரிங் உள்ளே சுழன்று கூட்டைத் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சு மெலிந்தால் இரண்டு மழைக்காலத்தில் துரு. வாங்கும் ஊராட்சி முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது. அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், வெல்டிங் ஓரங்களை விரலால் தடவ வேண்டும், பீடத்துத் தகடு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் பம்பில் இந்தக் கோளாறு. என்ன காரணம்?

*கைப்பிடி காற்றாக இறங்குகிறது, தண்ணீர் இல்லை.* ராடு கழன்றுவிட்டது அல்லது மரையில் முறிந்துவிட்டது. முன்மூடியைத் திறந்து செயினைக் கையால் தூக்குங்கள். இலேசாக வந்தால் இதுதான். ராடு கோக்கும்போது பூட்டு நட்டை இறுக்காமல் விட்டால் மாதக்கணக்கில் திருகித் திருகித் தானே கழலும். மரை முறிந்த ராடை ஊரில் வெல்டிங் வைத்து இறக்காதீர்கள், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும்.

*இருபது முப்பது அடிக்குப் பிறகே தண்ணீர் வருகிறது, வந்தபின் நன்றாக வருகிறது.* பைப்பில் நின்ற நீர் இறங்கிவிடுகிறது. ஃபுட் வால்வு இருக்கையில் மணல் அல்லது தேய்மானம், இல்லையென்றால் சாக்கெட் மரையில் கசிவு. சோதனை எளிது: தண்ணீர் வரும்வரை அடித்து, அரைமணி நேரம் யாரையும் தொடவிடாமல் வைத்து, மறுபடி அடியை எண்ணுங்கள். ஐந்துக்குள் வந்தால் கவலையில்லை.

*எப்போதுமே குறைவாக வருகிறது.* வாஷர் தேய்ந்திருக்கும். வாளி வைத்து நிமிடத்துக்கு 40 முழு அடி அடித்து அளங்கள். பத்து லிட்டருக்குக் கீழே போனால் வாஷர் மாற்றலாம். முதலில் தோல் வாஷர்தான் இருந்தது. நைட்ரைல் ரப்பர் வந்தபின் ஆயுள் வெகுவாகக் கூடியது. புது வாஷரும் சில மாதத்தில் போகிறதென்றால் குற்றம் வாஷரில் இல்லை, போரில் மணல் வருகிறது. சிலிண்டரைப் போரின் அடியிலிருந்து சில மீட்டர் உயர்த்திப் பாருங்கள்.

*கைப்பிடி பக்கவாட்டில் ஆடுகிறது.* அச்சு நட் தளர்ச்சி அல்லது பேரிங். அச்சை எடுக்கும்போது நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கி, அச்சும் போகும். நடுவில் செம்பு அல்லது மரக்கட்டை வையுங்கள்.

*பீடமே ஆடுகிறது.* பெரும்பாலும் கான்கிரீட் ஆறுவதற்குள் அடிக்க ஆரம்பித்ததால். மேடை போட்டபின் ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஆற விட வேண்டும். முள்வேலி போட்டு மறித்தால் ஒழிய யாரும் ஏழு நாள் காத்திருக்க மாட்டார்கள். வேலியை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

*தண்ணீர் சிவப்பாக வருகிறது, சோறு கறுக்கிறது.* காலையில் முதலில் வரும் நீர் சிவந்து, நூறு அடிக்குப் பின் தெளிந்தால் பைப் துருப்பிடிக்கிறது. எவ்வளவு அடித்தாலும் சிவப்பென்றால் நிலத்தடி நீரிலேயே இரும்பு. நீரின் பி.எச். 6.5க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. பைப் தாங்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதனாலேயே ஓடும் பம்பை மக்கள் கைவிட்டார்கள். துருப்பிடிக்காத எஃகு அல்லது பி.வி.சி. பைப்தான் வழி.

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து செயினுக்குக் கிரீஸ் தடவுங்கள், போல்ட்டுகளை இறுக்குங்கள். பைப்பை வெளியே எடுத்த ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆறரை இஞ்சு போரில் மீட்டருக்கு 21 லிட்டர் நீர் நிற்கும். 30 மீட்டர் நீருக்கு 300 கிராம் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள்.

மார்க் 3 என்றால் என்ன? மார்க் 2இல் என்ன குறை?

விட்டுக்கொடுத்ததாக மேலே சொன்னோமே, அது இதுதான். மார்க் 2 அரிதாகப் பழுதாகும். ஆனால் பழுதானால் ஊர்க்காரர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பைப் 32 மி.மீ., பிஸ்டன் 63.5 மி.மீ. பைப் வழியாகப் பிஸ்டன் வராது. ஒரு வாஷருக்காக முழு பைப்பையும் தூக்க வேண்டும். 30 மீட்டருக்குப் பைப் மட்டும் 90 கிலோவுக்கு மேல், ராடு 27, பைப்பில் நிற்கும் நீர் 30. அதற்கு வண்டி, முக்காலி, கிளாம்ப், நாலைந்து ஆட்கள் வேண்டும். தமிழ்நாட்டில் உருவான மூன்றடுக்குப் பராமரிப்பு இதற்காகத்தான்: ஊரில் ஒரு பொறுப்பாளர், நூறு பம்புக்கு ஒரு மெக்கானிக், ஐந்நூறு பம்புக்கு ஒரு வண்டிக் குழு. வண்டி வருகிறவரை ஊர் காத்திருக்கும். வாஷரின் விலை சில ரூபாய், காத்திருப்பு வாரக்கணக்கில்.

1980களில் மறுபடியும் கோயம்புத்தூரில் நீண்ட களச்சோதனை. பைப்பை 65 மி.மீ. ஆக்கினார்கள். இப்போது ராடைத் தூக்கினாலே பிஸ்டனும் ஃபுட் வால்வும் பைப் வழியாக மேலே வந்துவிடும். சைக்கிளில் வரும் மெக்கானிக் ஒருவர், கூட ஒரு ஆள், போதும். அதுதான் மார்க் 3.

எல்லோரும் ஏன் அதற்கு மாறவில்லை? 32 மி.மீ. பைப் மீட்டருக்கு 3 கிலோ, 65 மி.மீ. பைப் 6 கிலோவுக்கு மேல். விலையும் அப்படியே ஏறும். பைப்பே ஓட்டையானால் தூக்குவது முன்பைவிடக் கடினம். குறுகிய போரில் சாக்கெட் உரசும். ஆகவே ஆழம் குறைவான இடத்துக்கு மார்க் 3 நல்லது, ஆழம் கூடக்கூட மார்க் 2 பக்கம் தராசு சாயும்.

மக்கள் வாழ்க்கையில் உண்மையில் என்ன மாறியது?

கண்கூடான ஒன்று நரம்புச்சிலந்தி நோய். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்ளும்போது நோயாளியின் காலிலிருந்து புழு தன் இளம்புழுக்களை நீரில் விடும். நீரிலுள்ள சிறு பூச்சி அவற்றைத் தின்னும். அந்த நீரைக் குடித்தவருக்கு ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம். மூடிய போரிலிருந்து பம்பில் நீர் எடுத்தால் இந்தச் சங்கிலி அறுபடும். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. பம்பு மட்டும் இதைச் செய்யவில்லை. துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதும், வீடு வீடாக நோயாளிகளைத் தேடியதும், படிக்கிணறுகளை மாற்றிக் கட்டியதும் சேர்ந்துதான்.

தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலையாகவே இருந்தது. பம்பு வந்ததால் அது மாறவில்லை. நடக்கும் தூரம் குறைந்தது. பம்பு எந்தத் தெருவில் நிற்கிறது என்பதே யாருக்குத் தண்ணீர் என்பதைத் தீர்மானித்தது. ஊர்த்தெருவில் நட்ட பம்பில் காலனிக்காரர்கள் தயங்கி நின்றார்கள், அல்லது நிறுத்தப்பட்டார்கள். வரைபடத்தில் இடம் குறிக்கும் பொறியாளர் நிலத்தடி நீர் இருக்கும் புள்ளியைப் பார்ப்பார். அந்தப் புள்ளி யார் வாசலில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டியது அவர் வேலைதான்.

கெடுதலும் நடந்ததா?

நடந்தது. கிருமி உள்ள குளத்து நீருக்கு மாற்று என்று வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அங்கே பயன்பட்டது ஏழு மீட்டர்வரை உறிஞ்சும் வேறு வகைப் பம்பு. நீர் தெளிவாக, சுவையாக இருந்தது. அந்த மண்ணடுக்கில் ஆர்சனிக் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்திலும், 1993இல் வங்கதேசத்திலும் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஏராளமானோர் ஆண்டுக்கணக்கில் குடித்துவிட்டார்கள். பிறகு பம்புகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள்: சிவப்பில் குடிக்காதே. கிருமி இல்லை என்று சோதித்தவர்கள் ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. சோதனைப் பட்டியலில் இல்லாததைச் சோதனை காட்டாது.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் மஞ்சள் பழுப்புக் கறை, இன்னும் கூடினால் எலும்பில். பாறை இடுக்கு நீரில் இது இயல்பாக உள்ளது. பம்பை எவ்வளவு திருத்தினாலும் தீராது, நீரின் ஊற்றையே மாற்ற வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்காகத்தான்.

மூன்றாவது, நீர்மட்டம். கை பம்பு அதைக் குறைக்கவில்லை. நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் பெரிய இறைப்பே அன்று. அதே ரிக் வண்டிகள் பாசனத்துக்குப் போட்ட போர்களும் அவற்றில் இறங்கிய மோட்டார்களும்தான் காரணம். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி போர் இப்போது சாதாரணம். 45 மீட்டர் பம்பு அங்கே வெறும் தூண்.

அடிபம்பு உள்ள போரிலேயே மோட்டாரும் இறக்கலாமா?

ஆறரை இஞ்சு போர் என்றால் முடியும். மகாராஷ்டிரத்தில் ஒரே போரில் மார்க் 2வும் சோலார் சப்மெர்சிபிளும் வைக்கும் முறை பரவலாக உண்டு. தொட்டி நிரம்பத் தெருக்குழாய்க்கு நீர், மேகமூட்டமான நாளில் கை பம்பு. நாலரை இஞ்சுப் போரில் வேண்டாம். ஒயரும் ஹோஸும் ஜி.ஐ. பைப்பும் சிக்கிக்கொண்டால் இரண்டையும் இழப்பீர்கள். இறக்குவதற்கு முன் போரின் ஊற்றை அளந்துகொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது இறங்கும் நீர்மட்டத்துக்கும் கீழே சிலிண்டர் இருக்க வேண்டும். சிலிண்டரைவிட மோட்டார் கீழே தொங்கட்டும், ஒயரை ஹோஸோடு மூன்று மீட்டருக்கு ஒரு கட்டுப் போடுங்கள். கை பம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். புயலில் நாலு நாள் கரண்ட் போனால் ஊரில் தண்ணீர் தருவது அது ஒன்றுதான்.